மூளைக்கு ஆகாது

ஜூன் 2, திங்கள்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, படுக்கையறையின் வெள்ளை பல்பைக் கழற்றிவிட்டு மஞ்சள் பல்பு மாட்டுவதென்று இன்று முடிவெடுத்தேன். ஆலோசனையில் நான் ஒருவனே கலந்துகொண்டேன். ஆகவே முடிவு ஏகமனதானது. சாம்ராஜ்யங்கள் இதைவிடக் குறைந்த யோசனையில் போருக்குப் போயிருக்கின்றன. நாட்குறிப்பு ஒன்றைத் தொடங்க இதைவிடத் தகுதியான நாள் எனக்கு வாய்க்கப்போவதில்லை.

காரணத்தைப் பதிவு செய்வது கடமை. ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை படித்தேன். இரவு நேரத்து வெள்ளை வெளிச்சம், அதிலும் அதற்குள் ஒளிந்திருக்கும் நீலம், கண் வழியாக மூளைக்குள் போய், 'இன்னும் பகல்தான்' என்று பொய் சொல்கிறதாம். தூக்கம் கெடுகிறது. மூளையோ தூக்கத்தில்தான் தன் குப்பையைக் கூட்டிப் பெருக்குகிறது. கூட்டாத இடத்தில் என்ன சேரும் என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. அடுக்ககத்தின் மாடிப்படியைத் தினமும் பார்க்கிறேன்.

நான் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வெளிச்சம் எவ்வளவு என்று வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொன்னேன். அது என்ன செய்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

என் மனைவி அங்கயற்கண்ணி அறைக்குள் வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"என்னங்க இது, ரூமுக்கு மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு?"

சிரித்தோம். படுக்கப் போவதற்குள் அதையே மேலும் இரண்டு தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அது அவளுக்குப் புதிய நகைச்சுவையாகவே இருந்தது. ஒவ்வொரு தடவையும் நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை தேயாது.

ஜூன் 5, வியாழன்

எதிரியைக் கண்டுபிடித்துவிட்டேன்.

எதிர்க் கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடியில் ஒரு செல்போன் டவர் நிற்கிறது. தினமும் கண்ணில் பட்டதுதான். இன்று பல் துலக்கும்போதுதான் அது என்னைப் பார்ப்பதைக் கவனித்தேன். அதன் முகம் எங்கள் பால்கனியை நோக்கியே இருக்கிறது. அதற்குக் கீழே தெருவிளக்கு, புது எல்.இ.டி. அதுவும் நேராக எங்கள் ஹாலுக்குள்தான் வீசுகிறது. மேலே ஒருவன், கீழே ஒருவன். முற்றுகை என்ற சொல்லை நான் எளிதில் பயன்படுத்துபவன் அல்ல.

அங்கயற்கண்ணிக்குக் கொஞ்ச நாளாகக் கவனக்குறைவு. வீட்டுச் சாவி இட்லிக் கொப்பரைக்குள் வெந்து கிடைத்தது. நேற்று, "அண்ணனுக்கு ஒரு ட்ரங்கால் போடணும்" என்றாள். அவள் அண்ணன் நான்கு வருடமாகத் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். மாலை போட்ட படம் ஹாலில் இருக்கிறது. அவளோ சாதாரணப் பெண் அல்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். டவுனில் பாதிப்பேர் நம்பர் அவளுக்கு மனப்பாடம். டைரக்டரியைப் புரட்டச் சோம்பல்படுகிறவர்கள் அவளைத்தான் கேட்பார்கள். அப்படிப்பட்ட மூளை தானாகக் கெடாது. வெளியிலிருந்துதான் கெடுக்க முடியும்.

காலக்கணக்கும் பொருந்துகிறது. டவர் வந்தது பொங்கலுக்குப் பிறகு. கவனக்குறைவு தொடங்கியது தீபாவளிக்கு முன்பு. சிறிய இடைவெளிதான். டவர் நடுவதற்கு முன்பு வந்து ஏதாவது அளந்து பார்த்திருப்பார்கள்.

நரம்பு டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்கேன் சீட்டு ஃபிரிட்ஜின் மேல் இருக்கிறது. ஸ்கேன் என்பது பெரிய காந்தம். அலையால் அவதிப்படும் தலையைக் கொண்டுபோய்க் காந்தத்துக்குள் நுழைப்பதாம். வெள்ளத்தில் மாட்டியவனை விசாரிக்கக் கிணற்றுக்குள் இறக்குவது போல. முதலில் டவர் விவகாரம் முடியட்டும்.

ஜூன் 9, திங்கள்

அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் பர்னபாஸைப் பார்த்தேன். எதிர் வீடு. பெயின்ட் கடை வைத்திருக்கிறார். வாழ்க்கையில் எல்லாவற்றையும் இரண்டு கோட்டிங் அடித்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்.

"டவரை எடுக்கச் சொல்லி மனுவா? போடுவோம் சார். ஆனா நமக்கே ரெண்டு புள்ளி சிக்னலுதான் வருது. அதையும் எடுத்துட்டா மாடில ஏறி நின்னு கத்தித்தான் பேசணும்."

"நம் மூளையைவிடச் சிக்னல் முக்கியமா?"

"எனக்கு அப்படித்தான் சார். மூளைய வச்சு நான் கடை நடத்தல. அத விடுங்க, அக்காவுக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்களே, எடுத்தாச்சா?"

காந்தம் பற்றிச் சொன்னேன்.

"காந்தம் இரும்பத்தான சார் இழுக்கும்? அக்கா தலைக்குள்ள என்ன இரும்பா இருக்கு?"

அவளுக்கு இரும்பு மாதிரி ஞாபகம் என்று ஆபீஸில் எல்லோரும் சொல்வார்கள். இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 14, சனி

ஊரைத் திருத்துமுன் வீட்டைத் திருத்த வேண்டும். வைஃபை பெட்டியைக் கழற்றிப் பரணில் போட்டேன். மைக்ரோவேவ் அடுப்பின் மேல் துணி போர்த்தி, அதன் மேல் ஒரு பூச்சாடி. என் செல்போனும் அங்கயற்கண்ணியின் பட்டன் போனும் முறுக்கு வைக்கும் எவர்சில்வர் தூக்கில். உலோகத்துக்குள் அலை போகாது. சோதித்தேன். தூக்கிற்குள் இருந்த போன் மணியடித்தது. மூடியை இன்னும் அழுத்தி மூடினேன்.

அழைத்தது மகள் சுகந்தி, ஓசூரிலிருந்து. வீடியோவில் அம்மாவைப் பார்க்க முடியவில்லை என்று கோபம்.

"அப்பா, ஸ்கேனுக்குத் தேதி வாங்கிட்டீங்களா?"

"பார்த்துக்கிட்டே இருக்கேன்மா."

பொய்யில்லை. அப்போது என் கண் காலண்டர் மேல்தான் இருந்தது.

"அப்பா, நீங்க பயப்படுறீங்களா?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்று முதல் மாலை ஆறு மணிக்கு மேல் இந்த வீட்டில் மின்விளக்கு இல்லை. படுக்கையறை மஞ்சள் பல்புக்கு மட்டும் விதிவிலக்கு. தெருவிளக்கு வராமலிருக்கப் பால்கனிக்குக் கம்பளி போன்ற திரை.

ஒரே ஒரு நடைமுறைச் சிக்கல். அங்கயற்கண்ணி மாலை ஆறு மணிக்கு ஹால் டியூப் லைட்டைப் போடுவாள். அது இரண்டு சிமிட்டு சிமிட்டி எரிந்ததும் அதைப் பார்த்துக் கைகூப்பி, கன்னத்தில் போட்டுக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். குண்டு பல்பைக் கும்பிட்டாள், பிறகு டியூப் லைட்டைக் கும்பிட்டாள். வெளிச்சம் எந்தக் கம்பெனி என்று பார்ப்பதில்லை. அப்போதெல்லாம் கிண்டல் செய்வேன். "பில் போடுறவன் நான். என்னைக் கும்பிடு" என்பேன். கும்பிட்டு முடித்துத்தான் பாலை அடுப்பில் வைப்பாள். பிறகு கொடித் துணியை எடுப்பாள். பிறகு பூக்காரியைக் கூப்பிடுவாள். அந்தக் கும்பிடு அவளுக்கு ஆபீஸ் மணி மாதிரி.

இன்று அவள் ஸ்விட்சுக்குப் போனாள். கையைப் பிடித்தேன்.

"வேண்டாம் அங்கயற்கண்ணி. மூளைக்கு ஆகாது."

"விளக்கு வைக்கிற நேரத்துல வீட்ட இருட்டாவா போடுவாக?"

"மூளைக்கு ஆகாது."

சற்று நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பால் அடுப்புக்கு வரவில்லை. நானே காய்ச்சினேன். பொங்கிவிட்டது.

ஜூன் 25, புதன்

முன்னேற்றம். சீக்கிரம் படுத்துவிடுகிறாள். மாலையில் நடக்கவும் செய்கிறாள்: ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து ஹால், கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு மறுபடி. நடைப்பயிற்சி நல்லது என்று எல்லா டாக்டர்களும் சொல்கிறார்கள்.

"விடிஞ்சிருச்சா?" என்று கேட்கிறாள்.

"இப்பத்தான் பொழுது சாஞ்சிருக்கு."

"டூட்டிக்கு நேரமாச்சு. எக்ஸ்சேஞ்சுல ரெண்டு பொண்ணுகதான் போர்டுல இருக்கும். பாவம்."

தேங்கிய நச்சு வெளியேறும்போது இப்படிப் பழையது மேலே வருமாம். எங்கும் படிக்கவில்லை, ஆனால் வெளியேறும் எதுவும் அப்படித்தான்.

நானும் சரியாகத் தூங்குவதில்லை. இருட்டில் படுத்துக்கொண்டு அவள் காலடியைக் கேட்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

பாடம் நடத்துகிறேன். மாலையில் அவள் ஸ்விட்சுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் கையைப் பிடித்து, கோபப்படாமல், அதே நான்கைந்து சொல்.

"லைட்டப் போட்டா?"

"என்ன ஆகும்?" என்று என்னையே கேட்டாள்.

"நீ சொல்லு. மூளைக்கு…"

"ஆகாது" என்றாள். வகுப்பில் சரியாகச் சொல்லிவிட்ட பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தாள்.

அண்மையில் இந்த வீட்டில் நடந்த மிக நல்ல விஷயம் இதுதான்.

ஜூலை 3, வியாழன்

பர்னபாஸின் மனைவி ரோஸ்லின் வந்தார். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அக்கா நாலு நாளா சாயங்காலம் எங்க வீட்டுக்கு வர்றாங்க. ஹால்ல நிக்கிறாங்க, கும்பிடுறாங்க, போறாங்க. நான் ஏசு படத்தத்தான் கும்பிடுறாங்கன்னு சந்தோஷப்பட்டேன். பாத்தா, படத்துக்கு மேல இருக்க டியூப் லைட்ட."

பின்னாலிருந்து பர்னபாஸ் குரல்: "சார், பின்னாடி நாங்க மதம் மாத்திட்டோம்னு கேஸ் போட்றாதீங்க. நாங்க கூப்பிடவே இல்ல!"

"போ அங்கிட்டு" என்று ரோஸ்லின் அவரை அதட்டினார். பிறகு என்னிடம், "போகும்போது வீட்டுல பால் வைக்கணும்னு சொல்லிட்டுப் போறாங்கண்ணே. நீங்க லைட்ட போட்டுவிட்டா என்னண்ணே?"

ஆறு மணிக்கு அவர்கள் வீட்டுக் கதவைச் சாத்தி வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். மாலையில் கதவு சாத்தியிருந்தது. நல்ல அண்டை வீட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

டவருக்கு எதிரான மனுவில் நானும் அங்கயற்கண்ணியும் கையெழுத்திட்டோம். பெயருக்கு முன்னால் அவள் அப்பாவின் இனிஷியலைப் போட்டிருக்கிறாள். டவரின் வேலைக்கு இது எழுத்துபூர்வமான ஆதாரம். மனுவோடு சேர்த்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

மண்டபத்து மாடியில் தொப்பி போட்ட ஓர் இளைஞர் டவரில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்வரை காத்திருந்து பிடித்தேன். மனுவின் நகலைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"சார், இதுல வர்ற கதிர்வீச்சால உங்க வீட்டம்மாவுக்கு ஞாபகம் போச்சுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாம்."

"இதுக்கு இன்னும் கரண்டே குடுக்கல சார். மண்டபத்து ஓனருக்கும் கம்பெனிக்கும் வாடகைத் தகராறு. நட்டதிலிருந்து சும்மா நிக்குது. நான் துருப்பிடிச்சிருக்கான்னு பாக்க வந்தேன்."

"சும்மா என்றால்?"

"சும்மான்னா சும்மா சார். கொடிக்கம்பம் மாதிரி. நீங்க வேணா துணி காயப்போடலாம்."

நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஃபிரிட்ஜின் மேலிருந்த சீட்டை எடுத்துப் படித்தேன். திரும்ப வைத்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன்.

இது ஒன்றுதான் டவரா? ஊரில் வேறு இருக்கும்.

ஜூலை 22, செவ்வாய்

இதை நிதானமாக எழுத முயல்கிறேன்.

மாலை மொட்டைமாடியில் இருந்தேன். மற்ற டவர்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைய இருந்தன. கீழே வந்தபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. அங்கயற்கண்ணி இல்லை. பர்னபாஸ் வீட்டுக் கதவு, நான் கேட்டுக்கொண்டபடி, சாத்தியிருந்தது.

அவள் போனுக்கு அடித்துப் பார்க்க என் போனைத் தேடி, தூக்கைத் திறந்தேன். உள்ளே இரண்டும் இருந்தன.

பர்னபாஸ் ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சந்தாக உள்ளே பார்க்கச் சொன்னேன். இரண்டு சந்து பார்த்தார். பிறகு வண்டியை நிறுத்தினார்.

"சார், சந்தெல்லாம் இருட்டா இருக்கு. அக்கா இருட்டுக்குள்ள போக மாட்டாங்க. எங்க லைட்டு இருக்கோ அங்க தேடுவோம்."

மெயின் ரோட்டில் போன மாதம் ஒரு நகைக்கடை திறந்தார்கள். முகப்பு முழுக்க விளக்கு. இரவில் அந்தப் பக்கம் போனால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வாசலில் காவலாளியின் நாற்காலியில் அங்கயற்கண்ணி உட்கார்ந்திருந்தாள். கையில் காகிதக் கப்பில் காபி. காலில் செருப்பு இல்லை. காவலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"உங்க ஆளா சார்? வந்தாங்க, கடையப் பாத்துக் கும்பிட்டாங்க. உள்ள வாங்கம்மான்னேன், பாலு வைக்கணும்னாங்க. வீட்டு நம்பர் சொல்லுங்கம்மா, கூப்புடுறேன்னேன். என்னையப் பாத்து 'நம்பர் ப்ளீஸ்'ங்குறாங்க. நான் ஒரு தடவ கேக்க, அவங்க ஒரு தடவ கேக்க… பெறகு ஒரு நம்பர் சொன்னாங்க. அடிச்சேன், போகல. அஞ்சு நம்பர்தான் இருக்கு."

அது எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் போன் வந்தபோது கொடுத்த நம்பர். அன்று எக்ஸ்சேஞ்சிலிருந்து அவளே அழைத்து, "உலகநாதன் வீடா? நான் உங்க பொண்டாட்டி பேசுறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதற்காகவே போன் வாங்கினோம் என்று நினைக்கிறேன்.

இப்போது என்னைப் பார்த்ததும், "லைன் கிடைச்சிருச்சா?" என்றாள்.

"கிடைச்சிருச்சு" என்றேன்.

பர்னபாஸ் வழியெல்லாம் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை.

ஜூலை 23, புதன்

ஸ்கேனுக்குத் தேதி வாங்கினேன். சுகந்திக்கும் சொன்னேன். வருகிறாள்.

ஜூலை 29, செவ்வாய்

நரம்பு டாக்டர் ரெஹானா ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். நான் கொண்டுபோயிருந்த கட்டுரைகளையும் பொறுமையாகப் புரட்டினார். என் பக்கத்தில் சுகந்தி. வெளியே பெஞ்சில் அங்கயற்கண்ணியுடன் ரோஸ்லின்.

"ராத்திரி அதிக வெளிச்சம் தூக்கத்தக் கெடுக்கும், அது சரிதான் சார். டவராலயும் வைஃபையாலயும் இந்த வியாதி வருதுங்கிறதுக்கு ஆதாரம் இல்ல. இது உள்ளருந்து வர்றது." படத்தில் ஓரிடத்தைக் காட்டினார். சுருங்கியிருக்கிறது என்றார். எனக்கு எல்லா இடமும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. "எப்ப முதல்ல கவனிச்சீங்க?"

"தீபாவளிக்கு முன்னால்."

"எந்தத் தீபாவளிப்பா?" என்றாள் சுகந்தி.

கேட்கப்பட்டதால் சொன்னேன். போன தீபாவளி அல்ல. அதற்கும் முந்தியது.

டாக்டர் எழுதுவதை நிறுத்தவில்லை. "மாத்திரை தர்றேன். வேகத்தக் கொஞ்சம் மட்டுப்படுத்தப் பாக்கலாம். முன்னாடியே வந்திருந்தா இன்னும் கொஞ்சம் வசதியா இருந்திருக்கும். வீட்ல சாயங்காலம் நல்லா வெளிச்சம் இருக்கட்டும். இருட்டு, நிழல் எல்லாம் இவங்களக் குழப்பும், பயம் வரும், வெளிய கிளம்புவாங்க. பழைய பழக்கம் என்ன இருக்கோ அத விடாமப் புடிச்சுக்கங்க. அதுதான் அவங்களுக்குப் பிடிமானம். புதுசா ஏதும் சொல்லிக் குடுத்தா நிக்கிறது கஷ்டம்."

"நிக்கவே நிக்காதா?" என்று கேட்டேன்.

"ரொம்ப அபூர்வம். தினமும் ஒரே விஷயத்த, ஒரே நேரத்துல, ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செஞ்சா சில சமயம் ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா பெறகு எடுக்கிறது கஷ்டம்."

வெளியே வந்தபோது அங்கயற்கண்ணி ரோஸ்லினிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: "உள்ள யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

ஆகஸ்ட் 1, வெள்ளி

சுகந்தி காலை பஸ்ஸில் கிளம்பினாள். அம்மாவின் பட்டன் போனைக் கயிறு கட்டி அவள் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனாள். வைஃபை பரணிலிருந்து இறங்கிவிட்டது. பூச்சாடிக்கு வேறு இடம். பால்கனித் திரையைக் கழற்றிச் சலவைக்குப் போட்டேன்.

பர்னபாஸ் ஏணி கொண்டுவந்து ஹாலில் புது டியூப் லைட் மாட்டினார். "சார், இது நகைக்கடையத் தோக்கடிக்கும்" என்றார். அவர் பழைய ஆளாகத் திரும்பியதில் எனக்கு நிம்மதி.

ஆறு மணிக்கு லைட்டைப் போட்டேன். சிமிட்டாமல் ஒரேயடியாக எரிந்தது. பாலைத் தயாராக அடுப்புக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தேன். "அங்கயற்கண்ணி, லைட் போட்டாச்சு" என்று கூப்பிட்டேன். வந்தாள். விளக்கைப் பார்த்தாள். ஸ்விட்சுக்குப் போய் அணைத்தாள்.

"என்னம்மா?"

என் கையைப் பிடித்தாள். கோபமில்லை.

"வேண்டாங்க. மூளைக்கு ஆகாது."

மறுபடி போட்டேன். மறுபடி வந்து அணைத்தாள். நான் கைகூப்பிக் காட்டினேன். சிரித்தாள்.

"லைட்டப் போட்டா?" என்று கேட்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றும் அப்படியே. ஹால், சமையலறை, படுக்கையறை மஞ்சள் பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். இதைப் பால்கனியில் நின்று, தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன்.